படம் சாட்சி சொல்லுமா?

வியாபாரிகளாகிய நமக்குச் சாட்சி என்றால் என்னவென்று எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தனியாகப் பேசிக்கொண்ட பேச்சு நாளைக்கு மாறிப்போகும். பக்கத்தில் நின்று கேட்டவர் ஒருவர் இருந்தால் மாறாது. அந்த ஒருவரும் இன்னாரென்று தெரிந்தவராக, நாணயமுள்ளவராக, கண்டதற்கு மேல் கூட்டிச் சொல்லாதவராக இருக்கவேண்டும். இதை மதரஸாவில் நமக்கு ஓதிக்கொடுத்தார்கள். கடைத்தெரு அதைவிடக் கண்டிப்பாகவே கற்றுக்கொடுத்தது.

இப்பொழுது நம்முடைய உடம்பைப் பற்றிச் சாட்சி சொல்லப் புதிய சாட்சி ஒன்று வந்திருக்கிறது. அது படம். தலைவலி என்று மருத்துவமனைக்குப் போனால் படம். விழுந்து இடுப்பு முறிந்தால் படம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கொரு தடவை கண்ணின் உட்புறத்தைப் படம். சமீப ஆண்டுகளில் அந்தப் படத்தைப் பார்த்து “நோய் உண்டு, இல்லை” என்று தீர்ப்புச் சொல்லவும் யந்திரம் ஏற்பட்டுவிட்டது. இந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம், அது பிழையாகச் சொன்னால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பவையே இக்கட்டுரையில் நான் ஆராய விரும்பும் விஷயங்கள். நான் வைத்தியனல்லன், கணித சாஸ்திரம் படித்தவனுமல்லன், ஆரம்பப் பள்ளியோடு நின்று மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். எனினும் தராசு பிடிப்பவனுக்கு இதில் சொல்ல ஏதோ கொஞ்சம் இருக்கிறதென்றே நினைக்கிறேன்.

முதலில், “கண்ணால் கண்டேன்” என்று நாம் சொல்வதே அவ்வளவு சுலபமான காரியமல்ல. இதை ஆழ்ந்து ஆராய்ந்தவர்களில் தலைசிறந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் எழுதிய ‘கிதாபுல் மனாஸிர்’ ஏழு பாகங்கள் கொண்டது. (நாம் ஓதிய மதரஸாவில் எத்தனையோ இமாம்களின் பெயர்களை மனனம் செய்தோம், இவருடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லை. நான் இதைத் தெரிந்துகொண்டது நாற்பது வயதுக்குப் பிறகுதான்.) கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் காண்கிறோம் என்று யூக்ளிட், தாலமி முதலிய யவன ஆசிரியர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் புகுகிறது என்று அவர் நிறுவினார். கடுமையான வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வலிக்கிறதே, வெளியிலிருந்து ஒன்று உள்ளே வராவிட்டால் அது ஏன் வலிக்கவேண்டும் என்பது அவர் எடுத்துக்காட்டிய நியாயங்களில் ஒன்று.

அதைவிட நமக்கு இங்கே வேண்டியது அவர் கூறிய இன்னொரு கருத்து. வெளிச்சத்தையும் நிறத்தையும்தான் கண் நேராக உணர்கிறதாம். ஒரு பொருள் எவ்வளவு பெரியது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதெல்லாம் அறிவு ஒப்பிட்டுப் பார்த்துச் செய்யும் தீர்ப்பு. அது மிக வேகமாக நடந்துவிடுவதால் தீர்ப்புச் சொன்னோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. வெட்டவெளியில் மேகத்தைப் பார்க்கிறவனுக்கு அது வெகு தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். அதே மேகம் ஒரு மலையின் உச்சியை மறைத்துக்கொண்டு நிற்கக் கண்டால், அவ்வளவு தூரமில்லை என்று விளங்கிவிடும். மலை என்னும் தெரிந்த அளவு பக்கத்தில் வந்ததனால் வந்த விளக்கம் அது.

இந்த உண்மை நம் கடைகளில் தினமும் நடக்கிறது. சரக்கு அனுப்புகிறவர் வாட்ஸ்அப்பில் ஏலக்காய்ப் படம் அனுப்புகிறார். பார்த்தால் ஒவ்வொன்றும் பேரீச்சங்கொட்டை பருமன்! சரக்கு வந்து இறங்கினால் 6 மில்லிமீட்டர். கிட்டத்தில் வைத்து எடுத்த சிறு காயும், எட்டத்தில் வைத்து எடுத்த பெருங்காயும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றும். ஆகையால் அனுபவமுள்ள வியாபாரி, “பக்கத்தில் ஒரு காசை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்பார். காசின் அளவு இருவருக்கும் தெரியும். அங்கே ஏமாற்ற முடியாது.

இதையே கணிதத்தால் நிறுவியவர்கள் இருக்கிறார்கள். 1981ஆம் ஆண்டு லாங்கெட்-ஹிக்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரே காட்சியை இரண்டு இடங்களிலிருந்து எடுத்த இரண்டு படங்கள் கையில் இருக்கின்றன. காமிராக்கள் எங்கே நின்றன என்பது தெரியாது. இரு படங்களிலும் பொருந்தி வரும் எட்டுப் புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால், காமிராக்கள் ஒன்றுக்கொன்று எந்தப் பக்கம் திரும்பி நின்றன என்பதையும், அந்தக் காட்சியின் முழு வடிவத்தையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம் என்று அவர் காட்டினார். கம்ப்யூட்டருக்குக் கண் கொடுக்கும் ஆராய்ச்சியில் இது ஒரு பெரிய அடி. ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று மட்டும் வராது: அளவு. காட்சி முழுவதையும் இரு மடங்காக்கி, காமிராக்களுக்கு இடையேயுள்ள தூரத்தையும் இரு மடங்காக்கினால் அதே இரண்டு படங்கள்தாம் கிடைக்கும். வீடா, பொம்மை வீடா என்று படங்கள் சொல்லமாட்டா. வெளியிலிருந்து தெரிந்த ஓர் அளவு வந்தே ஆகவேண்டும். நம் இரு கண்களால் தூரத்தைச் சரியாக மதிக்க முடிகிறதென்றால், அவற்றினிடையே உள்ள சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளி என்றும் மாறாமல் இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். எக்ஸ்ரே கதிர் ஒரு சிறு புள்ளியிலிருந்து புறப்பட்டு விரிந்துகொண்டே போவதால், எலும்பின் நிழல் எலும்பைவிடப் பெரியதாக விழும். உடம்பு பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும் அந்தப் பெருக்கம் வேறு வேறு. இடுப்பு மூட்டை மாற்றப்போகும் வைத்தியர் எந்த அளவு மூட்டுப் பொருத்துவது என்று முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டுமே. அதற்காக, எலும்பு இருக்கும் மட்டத்தில், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் இரும்புக் குண்டை வைத்துப் படம் எடுக்கும் வழக்கம் உண்டு. படத்தில் குண்டு எவ்வளவு பெரிதாகிவிட்டதோ அவ்வளவே எலும்பும் பெரிதாகியிருக்கும் என்று கழித்துக்கொள்கிறார்கள். நம்முடைய ஏலக்காய்க் காசுக்கும் அந்த இரும்புக் குண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சி.டி. ஸ்கேன் என்பது இதைவிட ஆச்சரியமானது. அந்தப் படத்தை எந்தக் கண்ணும், எந்தக் கண்ணாடியும் கண்டதில்லை. முழுக்க முழுக்கக் கணக்குப் போட்டு எழுதிய படம் அது. கதிர் உடம்பின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவருகிறது. வழியில் மொத்தம் எவ்வளவு குறைந்தது என்பது மட்டுமே தெரியும். எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்பது தெரியாது. நம் கணக்குப் புத்தகத்தில் சில்லறைப் பதிவுகள் எல்லாம் அழிந்து, கூட்டுத் தொகைகள் மட்டும் எஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கூட்டுத் தொகையைக் கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் வரிசை வாரியாக, பத்தி வாரியாக, மூலைக்கு மூலை என்று எல்லாத் திசைகளிலும் போட்ட கூட்டுத் தொகைகள் போதுமான அளவு இருந்தால், அழிந்துபோன ஒவ்வொரு பதிவையும் மீட்டுவிடலாம். இப்படி மீட்க முடியும் என்பதை ராடன் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர் 1917இலேயே நிரூபித்திருந்தார். அதை அறியாமலே கார்மக் என்பவர் 1963, 64ஆம் ஆண்டுகளில் தாமாகவே ஒரு வழி கண்டார். இங்கிலாந்தில் கிராமபோன் இசைத்தட்டு வியாபாரத்தில் புகழ்பெற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் பொறியியலாளர் ஹவுன்ஸ்ஃபீல்ட் அதற்கு யந்திரமே செய்தார். 180 கோணங்களில், கோணத்துக்கு 160 வீதம், 28,800 அளவுகள் எடுத்து, 80க்கு 80 கட்டங்கள் கொண்ட ஒரு படம்! 1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் தலையை அந்த யந்திரம் முதன்முதலாகப் படம் எடுத்தது. மூளையில் கட்டி தெரிந்தது. அறுவை செய்தபோது, படத்தில் கண்டபடியே இருந்ததாக வைத்தியர் கூறினார். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்குப் போட்ட படம் என்று சொன்னேன். கணக்கென்றால் தப்பும் வரும். ஆகவே அதற்கும் ஒரு படிக்கல் வைத்திருக்கிறார்கள், அது தண்ணீர். தண்ணீர் பூஜ்யம், காற்று கழித்தல் 1000 என்று அளவுகோலை நிர்ணயித்து, தண்ணீர் நிரப்பிய ஓர் உருளையை யந்திரத்தில் வைத்து, பூஜ்யம் காட்டுகிறதா என்று தினசரி சோதிக்கும் வழக்கம் இருக்கிறது. நம்முடைய தராசை ஆண்டுக்கொரு முறை சோதித்து முத்திரை போடச் சொல்கிறது சட்டம். அதையே சிலர் தொந்தரவென்று முணுமுணுக்கிறார்கள். அங்கே தினந்தோறும்!

இதுவரையில் சொன்ன யந்திரங்கள் அளவு எடுப்பவை. சரியா தவறா என்று தண்ணீரைக் கொண்டும் குண்டைக் கொண்டும் நாம் அவற்றைப் பிடித்துவிடலாம். இனிச் சொல்லப்போவது தீர்ப்புச் சொல்லும் யந்திரம். நம் சமூகத்தவர்க்கு இது மிகவும் சம்பந்தப்பட்டது. பிரியாணியும் பால் தேநீரும் உட்கார்ந்தே செய்யும் தொழிலும் சேர்ந்து நம்மில் எத்தனை பேருக்கு இனிப்பு நீரைக் கொண்டுவந்திருக்கின்றன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. அந்த வியாதி கண்ணின் உள்திரையைச் சத்தமில்லாமல் கெடுக்கும். பார்வை குறையும்போதுதான் தெரியவரும். ஆனால் முன்னதாகக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதனால்தான் ஆண்டுதோறும் கண் படம்.

சிங்கப்பூரின் கண் ஆராய்ச்சி நிலையமும் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தப் படங்களை வாசிக்க ஒரு யந்திரத்தைப் பயிற்றினார்கள். ஏறக்குறைய 5 லட்சம் கண் படங்களைக் கொண்டு பயிற்றியும் சோதித்தும், 2017இல் முடிவை வெளியிட்டார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல இனத்தவரின் கண்களிலும் சோதித்தது மெச்சத்தக்கது. வெள்ளைக்காரர் கண்களை மட்டும் பார்த்துப் பழகிய யந்திரம் நம்முடைய கண்ணைச் சரியாக மதிக்குமென்று எப்படி நிச்சயமாகச் சொல்வது? பிரதானச் சோதனையில், நிபுணரிடம் அனுப்பவேண்டிய கண்கள் 100 என்றால் சுமார் 90ஐ அது சரியாகக் கண்டது. அனுப்ப வேண்டாதவை 100இல் சுமார் 8ஐ அனுப்பவேண்டும் என்று சொல்லிவிட்டது. இது மனிதர் செய்யும் வேலையோடு ஒப்பிடத்தக்க நல்ல வேலை. எனினும் விடுபட்ட ஒன்பது, பத்துக் கண்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இத்தகைய யந்திரம் எப்படித் தவறுகிறது என்பதையும் அறிஞர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். தோலில் வரும் மச்சங்களைப் பார்த்துப் புற்றுநோயா என்று சொல்லப் பயிற்றிய ஒரு யந்திரம் உண்டு. படத்தில் அளவுகோல் வைக்கப்பட்டிருந்தால் அது புற்றுநோய் என்று சொல்லச் சாய்ந்தது என்பதை அந்த ஆராய்ச்சியாளர்களே 2018இல் எழுதினார்கள். வைத்தியர்கள் சந்தேகப்படும் மச்சத்தின் பக்கத்தில்தானே அளவுகோல் வைத்துப் படம் எடுப்பார்கள்! நியாயம் தவறாமல் இருப்பதற்காக வைத்த அளவுகோலையே யந்திரம் சாட்சியாகப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் இன்னொன்று வெளிவந்தது. நெஞ்சுப் படத்தில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பயிற்றிய யந்திரம், படத்தின் மூலையில் ஊழியர்கள் வைக்கும் உலோக அடையாளம் போன்றவற்றிலிருந்து இது எந்த மருத்துவமனையின் படம் என்பதைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு மருத்துவமனையில் நிமோனியா அதிகம், மற்றொன்றில் குறைவு. ஆளைப் பாராமல் ஊரைப் பார்த்துச் சொல்லும் சாட்சி! இன்ன ஊர்க்காரன் கடன் திருப்பமாட்டான் என்று சிலர் சொல்கிறார்களே, அந்த ரகம்.

இதைக் கேட்டதும், “அப்படியானால் யந்திரமே வேண்டாம், வைத்தியரே பார்க்கட்டும்” என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக்கூடாது. 2013இல் அமெரிக்காவில் 24 எக்ஸ்ரே நிபுணர்களிடம் நெஞ்சு ஸ்கேன் படங்களைக் கொடுத்து, சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படத்தில் ஒரு மனிதக் குரங்கின் உருவத்தை வேண்டுமென்றே செருகி வைத்தார்கள். அது சாதாரணக் கட்டியைப்போல 48 மடங்கு பெரியது. 24 பேரில் 20 பேர் குரங்கைக் காணவில்லை! அவர்களில் பலருடைய பார்வை நேராகக் குரங்கின்மேலேயே விழுந்திருந்தது என்பதையும் கருவி பதிவு செய்தது. தேடாததைக் கண் காண்பதில்லை. இப்னுல் ஹைதம் கூறிய அந்தத் தீர்ப்புச் செய்யும் அறிவு வேறெங்கோ போயிருந்தது.

ஆக மனிதரும் தவறுவார், யந்திரமும் தவறும். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இங்கேதான் என் தாய்மாமாவின் சங்கதியைச் சொல்லவேண்டும். அறுபத்தெட்டு வயது, இருபது ஆண்டாக இனிப்பு நீர். ஒரு கிளினிக்கில் கண் படம் எடுத்து, “நார்மல், அடுத்த வருஷம் வாருங்கள்” என்று சீட்டுக் கொடுத்தார்கள். மாமா நகரவில்லை.

“யாரம்மா பார்த்தது?” என்று கேட்டார்.

“சிஸ்டம் பார்த்தது அங்கிள்.”

“அது சரி. யார் பார்த்தது?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். அவளிடம் குற்றமில்லை, அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் மாமாவின் கேள்வியில் சிரிக்க ஒன்றுமில்லை. யந்திரத்தை நம்பமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் கடையிலேயே மின்சாரத் தராசுதான் இருக்கிறது. நாளைக்குப் பார்வை போனால் எந்த முகத்தைப் பார்த்துக் கேட்பது என்பதையே அவர் தெரிந்துகொள்ள விரும்பினார்.

குரங்கைக் காணாத நிபுணரை நாம் கேட்கலாம். அவர் வெட்கப்படுவார், அடுத்த படத்தை நின்று பார்ப்பார். யந்திரம் வெட்கப்படாது. அதைத் திருத்த வேறொரு மனிதர் வெட்கப்பட வேண்டும். அவர் யார்? செய்தவரா, விற்றவரா, வாங்கி வைத்த மருத்துவமனையா, சீட்டில் கையெழுத்திட்ட வைத்தியரா? இதில் என் அபிப்பிராயம் இது: நம் தராசை நாம் செய்யவில்லை; அதன் உள்ளே என்ன இருக்கிறதென்றும் நமக்குத் தெரியாது; ஆனாலும் எடை குறைந்தால் வாங்கியவர் நம்மைத்தான் கேட்பார், மறுமையிலும் நம்மைத்தான் கேட்பார்கள். தராசினால் லாபம் அடைகிறவர் தராசின் பிழைக்கும் பொறுப்பாளி. தராசு செய்தவர் தெரிந்தே கோணல் வைத்திருந்தால் அவரும் பங்காளி; அதனால் நம் பங்கு குறைந்துவிடாது. கம்ப்யூட்டர் சொன்னது என்ற காரணத்தைக் கடையில் நாம் சொன்னால் வாடிக்கையாளர் ஏற்பாரா?

வைத்தியர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை படங்கள் என்று அவர்மேல் சுமத்திவிட்டு, யந்திரம் சொன்னதைத் திருப்பிப் பார்க்க நேரமும் கொடாமல், பொறுப்பை மட்டும் அவர் தலையில் வைப்பது அநியாயம். நேரம் கொடுப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பில் சேர்ந்தது.

வைத்தியரே கிட்டாத ஊர்களின் நிலை வேறு. அங்கே யந்திரத்தை விலக்குவதே பாவமாகிவிடலாம். தாய்லாந்தில் 11 சுகாதார நிலையங்களில் கூகுள் கம்பெனியின் கண் வாசிக்கும் யந்திரத்தை வைத்துப் பார்த்த விவரம் 2020இல் வெளிவந்தது. இருட்டறை இல்லாத இடங்களில் தாதியர் எடுத்த படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவற்றை, “இது தெளிவில்லை, தீர்ப்புச் சொல்ல முடியாது” என்று யந்திரம் தள்ளிவிட்டது. தாதியருக்குக் கோபம், ஒரு நாள் கூலியை விட்டு வந்த நோயாளி இன்னொரு நாள் தூரத்து மருத்துவமனைக்கு அலையவேண்டுமே. அவர்களுடைய கஷ்டம் உண்மையானது. இருந்தாலும், சரியாகக் காணாததைக் காணவில்லை என்று சொன்ன அந்தச் சாட்சியின்மேல் எனக்கு ஒரு மதிப்பு உண்டாயிற்று. குறை யந்திரத்தில் இல்லை. இருட்டறையும் வாகன வசதியும் செய்து கொடாமல் அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர்களிடம் இருந்தது.

பொறுப்பு ஏற்க முடியாத காரியமல்ல என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018 ஏப்ரலில் அமெரிக்க அரசாங்கம், வைத்தியர் பார்க்காமலே இனிப்பு நீர்க் கண் நோயைக் குறித்து முடிவு சொல்லும் யந்திரம் ஒன்றுக்கு முதன்முதலாக அனுமதி அளித்தது. அதை ஏற்படுத்தியவர் தாமே ஒரு கண் வைத்தியர். தம் யந்திரத்தின் தீர்ப்புப் பிழையானால் அதற்குத் தம் கம்பெனியே பொறுப்பு என்று அவர் பகிரங்கமாகச் சொன்னார். அதற்கெனக் காப்புறுதியும் எடுத்தார்கள். ஜாமீன் கையெழுத்துப் போடாத சரக்கை நாம் எந்த விலைக்கும் கடனாகக் கொடுப்பதில்லை அல்லவா? அவர் கையெழுத்துப் போட்டார். காப்புறுதிப் பணம் கண்ணாகாது என்பது வேறு விஷயம்.

நம் சங்கத்தார் உடல்நலப் பரிசோதனை முகாம் நடத்தும்போது கண் படமும் எடுக்க ஏற்பாடு செய்தால், வரும் வைத்தியக் குழுவினரிடம் மூன்று சங்கதிகளை முன்னதாகக் கேட்டு எழுதி வாங்கலாம் என்பது என் யோசனை. இந்த யந்திரத்தை நம்மைப் போன்றவர்களின் கண்களில் சோதித்தார்களா? படம் தெளிவில்லையென்றால் அந்த ஆளை அன்றைக்கே எங்கே அனுப்புவார்கள், செலவு யாருடையது? சீட்டின் அடியில் யாருடைய பெயர் எழுதப்படும்? மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், சங்கக் காரியதரிசி அவர்கள் வேறு குழுவைப் பார்க்கட்டும். மாமாவும் அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.